நிலச் சட்டமும் நம் தொகுதி எம்.பி.யும்: தொடக்க வாசகர்களுக்கு ஓர் அறிமுகம்

ஏற்காட்டில் குடியிருக்கும் ஒருவரிடம் உங்கள் எம்.பி. யார் என்று கேட்டால், சேலம் எம்.பி.யின் பெயரைச் சொல்லிவிடக் கூடும். மலையிலிருந்து கீழே தெரிவது சேலம் நகரம். பேருந்து போய் நிற்பது சேலத்தில். ஆட்சியர் அலுவலகம் இருப்பதும் சேலத்தில்தான். ஆனால் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் அடங்கியது. ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படியே. மேட்டூர் தருமபுரியோடு சேர்ந்திருக்கிறது, சங்ககிரி நாமக்கல்லோடு. ஓமலூர், எடப்பாடி, வீரபாண்டி, நகரத்தின் மூன்று தொகுதிகள் ஆகிய ஆறு மட்டுமே சேலம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ஆகவே 11 சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட நம் மாவட்டத்துக்கு டெல்லியில் நான்கு பேர் இருக்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நிலத்தில் ஒரு சிக்கல் வந்தால் நம் மக்கள் வி.ஏ.ஓ.விடம் போகிறார்கள், தாசில்தாரிடம் போகிறார்கள், குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள், எம்.பி.யையோ சமுதாயக் கூடத் திறப்பு விழாவிலும் கோயில் விழாவிலும்தான் பார்க்கிறார்கள். அவர் டெல்லியில் என்ன செய்கிறார் என்பது பள்ளிப் பாடத்தில் ‘சட்டம் இயற்றுதல்’ என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை, வேளாண்மையையும் நிலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, புதிதாக அறிய விரும்புவோருக்கு விளக்க முயல்கிறேன். கிராமத்திலிருந்து போன ஓர் எம்.பி. தன் மக்களின் நிலத்துக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, ஒரு மசோதாவில் இருக்கும் ஒரு தேதியையோ ஒரு வரியையோ அது சட்டமாவதற்கு முன் மாற்ற வைப்பது என்பதே என் எண்ணம். அவையில் அவர் ஆற்றும் உரை செய்தித்தாளில் வரும். இந்த வேலை பெரும்பாலும் வராது.

எது சென்னையில், எது டெல்லியில்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, எந்தப் பொருளில் யார் சட்டம் செய்யலாம் என்பதை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம் வேளாண்மை. 18-ஆவது இனம் நிலம், நிலத்தின் மீதான உரிமை, குத்தகை, விளைநிலக் கைமாற்றம். 28-ஆவது இனம் சந்தைகள். எனவே பட்டா, குத்தகை, நில உச்சவரம்பு, உழவர் சந்தை எல்லாம் சென்னையில் முடிவாகும் விஷயங்கள். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராக வாழ்ந்து, சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த இராஜாஜி, விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டத்தை 1938-இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தார் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இந்தப் பிரிவினை மனத்தில் பதியும். அது மாகாணத்தின் வேலையாக இருந்தது.

அப்படியானால் எம்.பி.க்கு நிலத்தில் வேலையே இல்லையா என்ற கேள்வி எழும். நாடாளுமன்றமும் மாநிலமும் இரண்டுமே சட்டம் செய்யக்கூடிய பொதுப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். அதில் 42-ஆவது இனம், சொத்துகளை அரசு கையகப்படுத்துவது, அதாவது நம் ஊர்ப் பேச்சில் நில ஆர்ஜிதம். காடுகள் முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தன. அவற்றை 1976-இல் 42-ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலின் 33-ஆவது இனம். 2020-இல் நாடாளுமன்றம் இயற்றி, நாடெங்கும் போராட்டத்துக்குப் பிறகு 2021 நவம்பரில் திரும்பப் பெற்ற மூன்று வேளாண் சட்டங்களும் அந்த இனத்தைச் சார்ந்தே கொண்டுவரப்பட்டன. தேசிய நெடுஞ்சாலையோ முழுக்க ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலத்தில் நாம் உழுவது மாநிலச் சட்டத்தின் கீழ். அந்த நிலம் நம் கையை விட்டுப் போவது பெரும்பாலும் நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் என்று கொண்டால் பெரிய பிழை இருக்காது.

மாநிலச் சட்டமே டெல்லியின் துணையோடு உயிர்பிழைத்த கதையும் உண்டு. தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்த வரம்பு பின்னர் 1970-இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. இடையில் 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளிக்க, அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் 17-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் அதை, சட்டங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து பாதுகாப்புத் தரும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றியது. காப்பி, தேயிலை போன்ற தோட்டப் பயிர் நிலங்களுக்கு அச்சட்டம் விலக்கு அளித்தது. சேர்வராயன் மலையில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் வேர்விட்ட காப்பி, இன்றும் பரந்த எஸ்டேட்டுகளாக நீடிக்க அந்த விலக்கும் ஒரு காரணம். ஒரே மாவட்டத்தில் மலைமேல் ஒரு கணக்கும் மலையடிவாரத்தில் வேறொரு கணக்கும் இருப்பது இப்படித்தான்.

எந்த அமைச்சகம் என்று தெரிவது பாதி வேலை

எம்.பி. கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஓர் அமைச்சகத்தின் பெயருக்குத்தான் போகும். வேளாண்மை என்றால் வேளாண் அமைச்சகம் என்று நினைப்பது இயல்பு. குச்சிக்கிழங்குக்கும் மாம்பழத்துக்கும் அது சரிதான். ஆனால் ஏற்காட்டுக் காப்பி வணிகத் துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ஏனெனில் 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின்படி அமைந்த காப்பி வாரியம் அந்த அமைச்சகத்தைச் சேர்ந்தது. அந்த வாரியத்தில் மக்களவையிலிருந்து இருவரும் மாநிலங்களவையிலிருந்து ஒருவரும் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், மலைப்பகுதி எம்.பி. ஒருவர் அந்த இடத்துக்கு முயலாமல் இருப்பது, என்னைக் கேட்டால், கைக்கு எட்டியதை விட்டுவிடுவதுதான். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு ஜவுளி அமைச்சகம். நில எடுப்புச் சட்டம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறையிடம் இருக்கிறது. சாலைக்காக எடுக்கப்படும் நிலம் நெடுஞ்சாலை அமைச்சகத்திடம். வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் நல அமைச்சகத்திடம். தவறான அமைச்சகத்துக்குப் போன கேள்வி இடம் மாறி அலைந்து, சில வேளைகளில் அந்தக் கூட்டத்தொடரே முடிந்துவிடும்.

‘எங்கள் சம்மதத்தைக் கேட்கவே இல்லையே?’

சேலத்தில் நிலச் சட்டம் பற்றிப் பேசும் எவரும் எட்டு வழிச்சாலையைத் தொடாமல் போக முடியாது. 2018-இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை பசுமை வழிச்சாலை, சுமார் 277 கிலோமீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் வழியே திட்டமிடப்பட்டது. சேலத்துக்குத் தெற்கே பூலாவரிப் பக்கம் என் சித்தியின் நிலம் இருக்கிறது. ஒரு நாள் காலை குச்சிக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவில் கல் நட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “எண்பது சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாத்தான் நிலத்தை எடுக்கலாம்னு சட்டம் இருக்குதாமே, எங்களை யாரும் கேக்கலையே?” என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான விடை ஒரு சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

1894-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்கு மாற்றாக, நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகியவற்றை உறுதிசெய்யும் நில எடுப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதமும், அரசும் தனியாரும் சேர்ந்து செய்யும் திட்டமானால் 70 சதவீதத்தினரின் சம்மதமும் வேண்டும். அரசு தன் சொந்தப் பொதுத் தேவைக்கு எடுக்கும் நிலத்துக்குச் சம்மத விதி இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அப்போதும் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு: எத்தனை குடும்பம் பாதிக்கும், இவ்வளவு நிலம் தேவைதானா, வேறு இடம் இல்லையா என்று ஊரில் உட்கார்ந்து ஆராய்ந்து, மக்கள் முன் கருத்துக் கேட்டு, எழுத்தில் வைக்க வேண்டும். இழப்பீட்டைப் பொறுத்தவரை, சந்தை மதிப்பைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரையான ஒரு காரணியால் பெருக்கி, அதே அளவு தொகையை ஆறுதல் தொகையாகச் சேர்த்துத் தர வேண்டும். ஏக்கர் 10 லட்சம் என்று மதிப்பானால், காரணி 1 என்கிறபோது 20 லட்சம், காரணி 2 என்கிறபோது 40 லட்சம். காரணியை மாநில அரசு முடிவு செய்கிறது. (சந்தை மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களைப் பார்த்தும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தும் கணக்கிடப்படுகிறது, முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த விலையைக் குறைத்துப் பத்திரம் எழுதும் நம் ஊர்ப் பழக்கம் பின்னால் ஊர் முழுவதற்கும் நட்டமாக முடிவது இங்கேதான்.)

இவ்வளவும் கொடுத்த அந்தச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, நான்காம் அட்டவணையில் உள்ள 13 சட்டங்களின்படி எடுக்கப்படும் நிலங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. அந்த 13-இல் ஒன்று, தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956. அந்த ஒரு வரிதான் சித்தியின் கேள்விக்கு விடை. சாலை அந்தப் பழைய சட்டத்தின்படி வந்ததால் சம்மத விதியும் பொருந்தவில்லை, சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயமாகவில்லை.

இந்த வரி எங்கே உருவானது என்று பார்த்தால் எம்.பி.க்களின் வேலை கண்முன் தெரியும். மசோதா 2011 செப்டம்பரில் மக்களவைக்கு வந்தது. அங்கிருந்து, எம்.பி.க்கள் உட்கார்ந்து மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுக்களில் ஒன்றான ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்குப் போனது. சுமித்ரா மகாஜன் தலைமையிலான அந்தக் குழு 2012 மே மாதம் அறிக்கை தந்தது. விலக்குப் பெற்ற சட்டங்களையும் புதிய சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது குழுவின் நிலைப்பாடு. அரசு முழுமையாக ஏற்கவில்லை. பாதி தூரம் வந்தது. விலக்கு நீடித்தது, ஆனால் ஓராண்டுக்குள் இழப்பீட்டு முறையையும் மறுவாழ்வு விதிகளையும் அந்த 13 சட்டங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்ற உட்பிரிவு 105-க்குள் சேர்ந்தது. அதனால்தான் 2015 முதல் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுப்பவருக்கும் புதிய சட்டத்தின்படி இழப்பீடு கணக்கிடப்படுகிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டில் கருத்துச் சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. பணத்தின் அளவு மாறியது. ஒரு குழு அறையில் நடந்த வாதம் பூலாவரிக் கிழங்குக் காட்டுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

எட்டு வழிச்சாலை நில எடுப்பு அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று ரத்துச் செய்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று, அத்தகைய முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று கூறி, உரிய முறையில் மீண்டும் தொடங்க வழிவிட்டது. வருவாய்ப் பதிவேடுகளில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்களை நில உரிமையாளர்களின் பெயருக்கே திருத்த வேண்டும் என்ற பகுதியை மட்டும் உறுதி செய்தது. நீதிமன்றங்கள் இருக்கும் சட்டத்தைத்தான் படிக்க முடியும். நான்காம் அட்டவணையிலிருந்து ஒரு வரியை எடுக்க வேண்டுமானால், நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும், அல்லது ஒன்றிய அரசு வரைவை நாடாளுமன்றத்தின் முன் வைத்து அறிவிக்கை வெளியிட வேண்டும்.

மலையில் ஒரு தேதி

குழுவின் வேலை எவ்வளவு தூரம் போகக் கூடும் என்பதற்கு வன உரிமைச் சட்டத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2005 டிசம்பர் 13 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதா, காட்டு நிலத்தில் உழுதுவரும் பட்டியல் பழங்குடியினருக்கு மட்டும் உரிமை தந்தது; 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும் என்றது; ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 2.5 ஹெக்டேர் என்றது. மசோதா இரு அவைகளின் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதன் தலைவர் கிஷோர் சந்திர தேவ், ஆந்திரத்தின் பழங்குடிப் பகுதியான பார்வதிபுரத்தின் எம்.பி. குழு அறிக்கை தந்தபின் 2006 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தேதி 2005 டிசம்பர் 13 ஆகியிருந்தது. வரம்பு 4 ஹெக்டேராக, அதாவது ஏறத்தாழ ஆறு ஏக்கரிலிருந்து பத்து ஏக்கராக உயர்ந்திருந்தது. பழங்குடியினர் அல்லாத, மூன்று தலைமுறையாகக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

சேர்வராயன் மலையின் காட்டோரக் கிராமம் ஒன்றில், காப்புக் காட்டின் எல்லைக்குள் 1990 முதல் சாமையும் ராகியும் விதைத்துவரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மசோதா அப்படியே நிறைவேறியிருந்தால் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். நிறைவேறிய சட்டத்தில் அவர்கள் உரிமைதாரர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தேதி. அதை மாற்றியவர்கள் குழுவில் உட்கார்ந்திருந்த எம்.பி.க்கள். கோரிக்கை மனு கிராம சபையில்தான் தொடங்குகிறது என்பதையும், ஊர்ப் பெரியவர்களின் எழுத்துமூல வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும் என்பதையும், உரிமைப் பட்டயம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் தரப்பட வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுகளுக்குப் போகும்.

துறைவாரி நிலைக்குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். அங்கே தொலைக்காட்சிக் கேமரா கிடையாது, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவும் கிடையாது. அதனால்தான் அங்கே உண்மையான விவாதம் நடக்க முடிகிறது. துறைச் செயலாளர்களை வரவழைத்துக் கேள்வி கேட்கலாம். பொதுமக்களிடமிருந்தும் எழுத்துமூலக் கருத்துகளை வரவேற்று விளம்பரம் தருவார்கள். சேலத்து விவசாயி ஒருவர் அனுப்பும் குறிப்புக்கும் அங்கே இடம் உண்டு. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனாலும் குழுவுக்கே போகாத மசோதா எப்படி இருக்கும் என்பதை 2020-இல் பார்த்தோம்: வேளாண் மசோதாக்கள் நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல் செப்டம்பரில் சில நாள்களில் இரு அவைகளிலும் நிறைவேறின, 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது, நவம்பர் 29 அன்று அதே நாடாளுமன்றம் அவற்றை நீக்கியது. உள்ளடக்கம் பற்றி யார் எந்தக் கருத்துக் கொண்டிருந்தாலும், உழவர்களைக் கேட்க ஒரு வழி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்பது என் மனக்குறை.

கேள்வியை எப்படி எழுதுவது

ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, முதல் முறை வந்தவரோ பழையவரோ, எல்லா எம்.பி.க்கும் சமமாகக் கிடைக்கும் கருவி கேள்வி. மக்களவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 பட்டியலாகும்; அவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியிடாத கேள்விகள் 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்க வேண்டும், 150 சொற்களைத் தாண்டக் கூடாது, வாதமோ உணர்ச்சி முழக்கமோ அதில் இருக்கக் கூடாது.

‘சேலம் மாவட்ட விவசாயிகள் நிலத்தை இழந்து கண்ணீர் வடிப்பதை அரசு அறியுமா, அவர்களுக்கு நீதி வழங்குமா?’ என்று ஒருவர் கேட்டால், சட்டப்படி இழப்பீடு வழங்கப்படுகிறது என்ற இரண்டு பத்திப் பதிலோடு விஷயம் முடிந்துவிடும். அதே கவலையை நான் இப்படி எழுதிப் பார்க்கிறேன்: ‘(அ) தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களுக்காகச் சேலம் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எடுக்கப்பட்ட விளைநிலத்தின் பரப்பு ஆண்டுவாரியாக எவ்வளவு, (ஆ) அதில் கிணற்றுப் பாசன நிலம் எவ்வளவு, (இ) நிலம் துண்டாடப்பட்டதால் ஏற்பட்ட சேதத்துக்காகத் தனியே இழப்பீடு வழங்கப்பட்ட நேர்வுகள் எத்தனை, (ஈ) வழங்கப்படவில்லையெனில் அதற்கான காரணம் என்ன?’ இதற்கு எண்களோடுதான் பதில் சொல்லியாக வேண்டும். (இ) பகுதிக்கு ‘எதுவுமில்லை’ என்று பதில் வந்தாலும் அது அச்சில் வந்த அரசின் ஒப்புதல்; அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்கும் நடுவரிடம் போகலாம், செய்தியாளர் எழுதலாம், எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் மேலும் கேட்கலாம்.

பதிலில் ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆய்வில் உள்ளது’ என்று அமைச்சர் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. அவ்வாறான சொற்கள் அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் வைக்கப்படும்; மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றிச் சொல்ல வேண்டும்; நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒரு குழு இருக்கிறது. இது தெரிந்த எம்.பி. தன் துணைக் கேள்வியை, அமைச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை வரவழைக்கும் விதமாகவே அமைப்பார். ஆங்கிலமோ இந்தியோ சரளமாக வராத கிராமத்து உறுப்பினர் தமிழிலேயே பேச, அரசமைப்பின் 120-ஆவது உறுப்பின்படி அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாததால் ஒருவர் அங்கே ஊமையாக இருக்க வேண்டிய நிலை இல்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ய நேரத்தில் அவசரப் பிரச்சினையை எழுப்பலாம். மக்களவை விதி 377-இன் கீழ் தொகுதிப் பிரச்சினையை வாசித்துப் பதிவு செய்யலாம்; அமைச்சகத்திலிருந்து கடிதமாகப் பதில் வரும். அமைச்சர் அல்லாத உறுப்பினர் தாமாகவே கொடுக்கும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கென ஒதுக்கப்பட்டது. 1952 முதல் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியுள்ளன, கடைசியாக 1970-இல். இருந்தும் அதற்கு ஒரு பயன் உண்டு: மகாராட்டிரத்தின் ஹாத்கணங்கலே தொகுதி எம்.பி.யாக இருந்த விவசாயிகள் தலைவர் ராஜு ஷெட்டி, கடனிலிருந்து விடுதலை, விளைபொருளுக்கு உறுதியான விலை என்ற இரண்டு மசோதாக்களை 2018-இல் மக்களவையில் அறிமுகப்படுத்தினார். அவை நிறைவேறவில்லை, ஆனால் தெருவில் எழுந்த ஒரு கோரிக்கையைச் சட்டத்தின் மொழியில் பிரிவு பிரிவாக எழுத முடியும் என்று காட்டின. அவையில் வாக்கெடுப்பு என்று வரும்போது கொறடா உத்தரவை மீறினால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவி போகலாம். அந்தக் கட்டாயத்தை அறியாமல், ‘நம்ம எம்.பி. ஏன் எதிர்த்து வாக்களிக்கலை’ என்று மட்டும் அவரை அளப்பது சரியாகாது. அதற்கு முன் குழுவில் என்ன சொன்னார், எந்தத் திருத்தம் கொடுத்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பார்க்க வேண்டும்.

நாம் எதைக் கையில் கொடுக்கிறோம்

எம்.பி.யிடம் இருப்பது கருவி; அதில் போடுவதற்கான தகவல் நம்மிடம்தான் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில், நிலத்தை எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை அரசிதழில் வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் அதன் விவரம் வரும், ஒன்று தமிழில் இருக்கும். ஆனால் நாள் கணக்கு அரசிதழிலிருந்துதான். அதன்பின் 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் அரசுடையதாகிவிடும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் பழைய அறிவிக்கை காலாவதியாகும். இந்தத் தேதிகள் இல்லாத மனுவை வைத்துக்கொண்டு எந்த எம்.பி.யாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பட்டா, சிட்டா, அடங்கல், புலப்பட நகல், அரசிதழ் நாள், கிராம சபைத் தீர்மானம் இருந்தால் அதன் நகல் ஆகியவை ஒரே உறையில் இருக்க வேண்டும். மனுவின் நகலை எம்.பி.க்கும் அனுப்பினால், அவர் அதிலிருந்தே தன் கேள்வியை எழுத முடியும்.

சித்தி முதலில் எழுதிய மனு என் கையில் வந்தபோது அதில் இரண்டு பக்கம் முழுக்க, தாத்தா காலத்து நிலம், பிள்ளைகளின் படிப்பு, வயதான காலத்தில் எங்கே போவோம் என்று இருந்தது. எல்லாமே உண்மை. படித்து முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் புல எண் இல்லை, எத்தனை செண்ட் போகிறது என்று இல்லை. திண்ணையில் புலப்படத்தை விரித்து, நட்ட கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு பிடித்து அளந்து பார்த்த பிறகுதான், போகிற நிலத்தை விடப் பெரிய சேதம் ஒன்று இருப்பது எங்களுக்கே தெரிந்தது. நிலம் துண்டாவதால் மீதி நிலத்துக்கு வரும் சேதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று அதே நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஜி(7) பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படி ஒரு சேதம் இருப்பதை நிலத்துக்காரர்தான் முதலில் எழுதிக் காட்ட வேண்டும். சித்தி அந்த இரண்டு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டுப் புதிய தாளில், புல எண்ணுக்குக் கீழே, முதல் வரியாக இப்படி எழுதினார்: ‘மேற்படி புலத்தில் உள்ள ஒரே கிணறு எடுக்கப்படும் பகுதிக்குள் வருகிறது, மீதம் நிற்கும் 1 ஏக்கர் 40 செண்ட் நிலத்துக்கு வேறு தண்ணீர் இல்லை.’